அண்ணன் பூசிய பசை

"வாஷிங் மெஷினைத் தொட்டாலே சுர்ருன்னு ஷாக் அடிக்குதுங்க."

"எனக்கு அடிக்கலையே! எல்லாம் உன் மனப்பிராந்தி," என்றார், ரப்பர் செருப்போடு நின்ற கணவர்.

அவள் எலக்ட்ரீஷியனை வரவழைத்தாள். அவர் மெஷினின் பின்மூடியைத் திறந்தார்.

"எர்த் ஒயரைப் பிடிக்கிற போல்ட் கழலக் கூடாதுன்னு ஒயர் முனை வரைக்கும் பசையை அப்பியிருக்காங்க. பசை கரண்டை விடாதே, கசியிற கரண்ட் பூமிக்குப் போக வழி ஏது? போல்ட்டுக்கு அடியில பல்லு வச்ச வாஷர் ஒண்ணு போட்டிருந்தாலே கழலாதே! எந்த மகராசன் பார்த்த வேலை இது?"

கணவர் முகம் செத்துப்போனது.

"எங்க அண்ணன்தாங்க. வந்திருந்தப்ப மாட்டிட்டுப் போனார்," என்றாள் அவள் சட்டென்று.

"உயிரோட விளையாட வேணாம்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்."

எலக்ட்ரீஷியன் போனதும் கணவர் தலை நிமிராமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அவளுக்கு அண்ணனே கிடையாது.