வைக்கோல் பிரி சுற்றிய அரிவாள்

சிக்னல் கைகாட்டி இறங்காததால் திருத்துறைப்பூண்டி பாசஞ்சர் மதிய வெயிலில் வயல் நடுவே நிற்கிறது. எஞ்சினின் கரித்தூள் சிவசங்கரனின் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருக்கிறது. கும்பகோணத்தில் குமாஸ்தாவான அவர், விடுமுறை கிடைத்தால் ரயிலேறிக் கடைசி ஊர்வரை போய் அதே ரயிலில் திரும்புகிறவர். காலையில் இருந்த குதூகலம் இப்போது இல்லை, முதுகு வலிக்கிறது. எதிரே, வெளியூரிலிருந்து அறுப்புக்கு வரும் அம்சம் என்ற பெண், கை படாமலிருக்க வைக்கோல் பிரி சுற்றிய அரிவாளை மடியில் வைத்தபடி கேட்கிறாள்.

"நீங்க எங்கங்க எறங்குவீங்க?"

"எங்கயும் இல்லம்மா. போயிட்டு இதுலயே திரும்பிடுவேன். ரயில்ல போறது பிடிக்கும்."

வேலையில்லாமல் ஒருவர் இப்படி அலைவாரா என்பதுபோல் பார்க்கிறாள். வண்டி நகர்ந்து, அவள் இறங்கவேண்டிய சிறு நிலையத்தில் நிற்கிறது. வேலியில் கூலிக்காரர் சங்கத்தின் செங்கொடி ஒன்று காற்றில்லாமல் தொங்குகிறது. பின்னால் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. பிளாட்பாரத்தில் உள்ளூர்ப் பெண்கள் குந்தியிருக்கிறார்கள். அவர்கள் மடியிலும் அரிவாள், அதிலும் பிரி அவிழவில்லை. யாரும் கத்தவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்துவந்து சன்னல் கம்பியைப் பிடிக்கிறாள்.

"கூலி ஒசத்திக் கேட்டு நாங்க அறுப்ப நிறுத்தியிருக்கோம் தங்கச்சி. அழைச்சிகிட்டு வந்தவங்க சொல்லலியா?"

அம்சம் இல்லையென்று தலையாட்டுகிறாள். பெட்டி வாசலில், அவளை அழைத்துவந்த, வயலுக்குச் சொந்தக்கார மிராசுதாரின் ஆள் "எறங்கு, எறங்கு" என்று விரலைச் சொடுக்குகிறான். கார்டு பச்சைக்கொடியை விரிக்கிறார். கம்பியைப் பிடித்தவளின் இடக்கைச் சுண்டுவிரலில், அறுக்கும்போது பட்ட பழைய வெட்டுத் தழும்பு. அம்சம் தன் சுண்டுவிரலைத் தடவிக்கொள்கிறாள். பிறகு அரிவாளைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சிவசங்கரனிடம் சொல்கிறாள்:

"நானும் போயிட்டு இதுலயே திரும்பிடுறேங்க."