பேருந்துக்கு ஒரு சத்தம்

"முகத்தைப் பார்த்துப் பேசுங்க."

மறுபடியும் அதே அதட்டல். வித்துவான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான்.

"சத்தம் தயார் மேடம்னு சொன்னேன்."

"தயாரா இல்லையான்னு நான் சொல்லணும். நீங்க இல்ல."

மின்சாரப் பேருந்துப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. தொழிற்சாலையில் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர், மாமியார். அவளிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்துவிடலாம்.

மின்சாரப் பேருந்து மெதுவாகப் போகும்போது பூனை நடப்பது போலத்தான் இருக்கும். முதுகுக்கு அருகில் வந்து நின்றாலும் தெரியாது. அதனால் தெருவில் நடப்பவர்கள் விலகிக்கொள்ள அதற்கென்று ஒரு சத்தம் உண்டாக்கிப் பொருத்த வேண்டும், சட்டம் அப்படி.

அந்தச் சத்தத்துக்காகத்தான் அவனை வரவழைத்திருந்தார்கள். அதுவரை பற்பசைக்கும் சோப்புக்கும் விளம்பரப் பாட்டுப் போட்டவன். வித்துவான் என்பது வந்த இரண்டாம் நாளே இங்கே கிடைத்த கேலிப் பட்டம்.

"ஊர்ல ஓடப்போற அத்தனை பஸ்ஸும் என் இசையைத்தான் பாடப்போகுது" என்று மனைவியிடமும், அவளைவிட முக்கியமாக மச்சானிடமும் சொல்லிவைத்திருந்தான்.

மாமியாரோ அவன் செய்த சத்தங்களை ஒவ்வொன்றாகக் குப்பையில் போட்டாள். "காத்தடிக்கிற மாதிரி இருக்கு." "இதுக்குப் பேர் சத்தமா?"

இன்று கடைசி வாய்ப்பு. மதியம் முதலாளி வருகிறார். அதற்குள் அவள் தலையசைக்காவிட்டால் எங்கிருந்தோ ஒரு ரெடிமேட் சத்தத்தை வாங்கிப் பொருத்திவிடுவார்கள்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? இவளெல்லாம் சங்கீதத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டாள்!

திமிர் என்றால் அப்படி ஒரு திமிர். வராந்தாவில் பின்னாலிருந்து வணக்கம் சொன்னால் திரும்பமாட்டாள். எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டிவிட்டுத் தன் கதையை ஆரம்பிப்பாள். போன வாரம் ஆத்திரம் தாங்காமல் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று "போடி எருமை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டான். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் திரும்பக்கூட இல்லை.

பதிலுக்குத் திட்டக்கூட லாயக்கில்லாதவன் என்று நினைத்துவிட்டாள். அதுதான் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் இன்று காலை சவால் விட்டான். "ஏசி ரூம்ல உக்காந்து கேட்டா எப்படி மேடம்? தெருவுல நிக்கிற ஆள் மாதிரி நின்னு கேளுங்க."

எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். மறுக்க முடியாமல் வந்து நின்றிருந்தாள்.

தொழிற்சாலைக்குப் பின்னால் வெறும் சிமெண்ட் தரை. அதில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டைத் தாண்டி இரண்டடி தள்ளி, பேருந்துக்கு முதுகைக் காட்டி அவள் நிற்க வேண்டும். சத்தம் காதில் விழுந்ததும் கையைத் தூக்க வேண்டும். கோட்டில் டிரைவர் வண்டியை நிறுத்திவிடுவார்.

"ஓரமா நின்னுக்குங்கம்மா" என்றார் டிரைவர்.

"தெருவுல போறவங்க உங்களைக் கேட்டுட்டா நிக்கிறாங்க? போய் வண்டிய எடுங்க."

டிரைவர் ஏறிக் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொண்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பக்கவாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வித்துவான் லேப்டாப்பில் பட்டனை அமுக்கினான்.

ஈர விரலைக் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் சுற்றினால் எழுமே, அப்படி ஒரு மெல்லிய, உயர்ந்த நாதம் பேருந்தின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. சுவரோரம் தூங்கிய நாய் விழித்து, எரிச்சலோடு வேறிடம் பார்த்துப் போயிற்று.

கை உயரவில்லை.

பேருந்து நெருங்கியது. கோட்டில் நின்றது. அதன் நிழல் அவளை முழுவதுமாக மூடியது. கை உயரவில்லை.

வேண்டுமென்றே செய்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

நெற்றி சுருங்கியிருந்தது. கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பேருந்து வந்து நின்றுவிட்டது. அவள் இன்னும் அதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"மேடம்" என்று கூப்பிட்டுப் பார்த்தான். அசையவில்லை.

அவளுக்குக் கேட்கவில்லை. வராந்தாவில் வணக்கமும் கேட்டிருக்காது. எருமையும் கேட்டிருக்காது.

பேருந்தின் கதவு திறப்பதற்குள் வித்துவானின் விரல் தானாகச் சத்தத்தை நிறுத்தியது.

டிரைவர் இறங்கி அவளுக்கு முன்னால் ஓடி வந்தார். "என்ன வித்துவான் சார், சத்தமே போடலையா? அம்மா ஆடாம அசையாம நிக்கிறாங்களே!"

எதிரே ஓடிவந்த காலடியின் அதிர்வில் அவள் கண்ணைத் திறந்தாள். திரும்பினாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் பேருந்து. முகம் வெளிறியது. அவள் பார்வை மெல்ல நகர்ந்து வித்துவானின் உதடுகளில் வந்து நின்றது.

"ஆமாண்ணே" என்றான் அவன், ஒவ்வொரு சொல்லாக, அவள் பக்கம் பார்த்து. "பட்டனை அமுக்க மறந்துட்டேன்."

போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது. கூடவே நாக்கும்.

"ஒரு பட்டனை அமுக்கத் தெரியல, இவரு பெரிய இசையமைப்பாளராம்!"

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்துப் போனார்.

மந்தமான காதுக்கு உயர்ந்த சுருதிதான் முதலில் எட்டாமல் போகும். வித்துவான் சத்தத்தின் சுருதியைக் கீழே இறக்க ஆரம்பித்தான். கண்ணாடிக் கிண்ணம் காணாமல் போனது. ஹெட்போனில் பழைய ஃபிரிட்ஜ் உறுமுவது போல வந்தது. இன்னும் கீழே, இன்னும் தடிமனாக. சங்கீதம் போனால் போகட்டும், மச்சான் சிரித்தால் சிரிக்கட்டும். இவள் காதில் விழும் சத்தம், தெருவில் போகும் எந்தக் கிழவர் காதிலும் விழும்.

வேலை முடியவில்லை. அதற்குள் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அவள் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இந்த முறை கண் திறந்திருந்தது. பார்வை தரையில் இருந்தது. பேருந்தின் நிழல் ஊர்ந்து வந்து அவள் செருப்பைத் தொட்டது.

கை சட்டென்று உயர்ந்தது.

"அருமை! இதையே வச்சுக்குங்க. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

வித்துவான் இன்னும் பட்டனை அமுக்கவே இல்லை.