தவிர்க்க முடியாத காரணம்

பேனா அந்த இடத்தில் நின்றுவிட்டது.

"எழுதும்மா. தவிர்க்க முடியாத காரணத்தால் உரிய தேதிக்குள் விண்ணப்பிக்க இயலவில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் கல்லூரி அலுவலகத்துக் கிளார்க்.

அவள் ஜன்னல் திட்டில் தாளை வைத்தபடி குனிந்தே நின்றாள்.

தவிர்க்க முடியாத காரணம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டிருந்தது. தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது.

அப்பா.

மே மாதம் முழுக்க அவள் அவர் பின்னாலேயே அலைந்தாள். விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி வைத்திருந்தாள். அவர் போனுக்கு வரும் ஓடிபி ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை.

"எதுக்குட்டி இந்தப் பறப்புப் பறக்க? கடைசித் தேதிய நீட்டுவான். வருசா வருசம் நீட்டத்தான செய்யுதான்."

லைன்மேன் வந்து ஃபியூஸைப் பிடுங்கிய பிறகுதான் அவர் கரண்டு பில் கட்டுவார். வீட்டில் எல்லாமே அப்படித்தான்.

இந்த வருடம் நீட்டவில்லை.

"பாத்தியா, இந்த வருசம்னு பாத்து இப்படிப் பண்ணிட்டான்" என்றார். எந்த அவன் என்று அவருக்கே தெரியாது. தப்பு எப்போதும் அந்த அவன் மேல்தான்.

அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அக்காவிடமும் அதைத்தான் சொன்னார். அடுத்த வருடம் வருவதற்குள் அக்காவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது.

நேற்றுத்தான், இதே கல்லூரியில் சேர்ந்திருந்த தோழி மாரிச்செல்வி போன் செய்தாள். விலங்கியலில் சேர்ந்த ஒருத்தி நர்சிங் கிடைத்துப் போய்விட்டாள். ஓர் இடம் காலி. தாமதமாக வருகிறவர்களும் கேட்கலாம், பெற்றோரோடு வர வேண்டும், நாளையோடு சரி.

அந்த நாளை இன்று.

அவள் எழுதினாள். அழுத்தி எழுதியதில் தாள் பின்பக்கம் தடித்துப்போனது.

முதல்வர் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. மேடம் கடிதத்தைப் படித்தார்.

"தவிர்க்க முடியாத காரணம்னா என்ன காரணம்?"

அவள் வாயைத் திறந்தாள்.

"பிள்ளைக்கு டைபாய்டு மேடம்" என்றார் அப்பா. "படுத்த படுக்கையாக் கெடந்தா. கஞ்சிகூட எறங்கல. பொழைச்சு வந்ததே பெரிசு."

சொல்லச் சொல்ல அவர் குரல் தழுதழுத்தது. கண்கூட லேசாகக் கலங்கியது. அந்த நிமிடத்தில் அவர் அதை நிஜமாகவே நம்பினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. செய்ததையும் செய்துவிட்டு, நோயையும் அவள் தலையில் கட்டுகிறார்.

"மெடிக்கல் சர்ட்டிபிகேட் இருக்கா?"

"நாளைக்குக் கொண்டாந்துருதேன் மேடம்."

"இன்னைக்குத்தான் கடைசி."

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்சம் குழைந்தார்.

"ஒரு நாள் நீட்டக் கூடாதா மேடம்?"

அவ்வளவுதான். இடம் போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது அவளுக்கு.

"எனக்குக் காய்ச்சலே வரல மேடம்" என்றாள்.

"ஏட்டி" என்றார் அப்பா, பல்லைக் கடித்தபடி.

"தேதிய நீட்டுவாங்கன்னு அப்பா சொன்னாங்க. ஓடிபி கேட்டேன், தரல. தெனமும் கேட்டேன்."

குரல் நடுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மேடம் அப்பாவைப் பார்க்கவில்லை. மதிப்பெண் பட்டியலை இழுத்து வைத்துப் பார்த்தார். பிறகு, விலங்கியலில் சேர்ந்தவர்களின் பட்டியலை எடுத்து, விரலை மேலிருந்து கீழே ஓட்டினார். விரல் திரும்பவும் மேலே போய் முதல் பெயரிலேயே நின்றது. அதற்கும் இவளைவிட மதிப்பெண் குறைவு.

அதே கடிதத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"போய்ப் பணத்தைக் கட்டிட்டு வா. நாளைக்கே கிளாஸுக்கு வந்துரு."

கிளார்க்கிடம் அப்பா சொன்னார், "பேசுத மாதிரி பேசினா எல்லாம் நடக்கும் சார்." வாசலில் வாட்ச்மேனிடமும் சொன்னார். எதிரே டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் முதலிலிருந்து தொடங்கினார். மேடம் முதலில் முடியாது என்றே சொல்லிவிட்டாராம். இவர்தான் விடவில்லையாம். டைபாய்டு அதில் இல்லை. அவள் பேசியதும் இல்லை.

"பிள்ளைக்குன்னு வந்துட்டா பெத்தவன் எறங்கித்தான ஆவணும்" என்றார் கடைக்காரர்.

"பின்ன?"

அப்பா சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினார். பெருமையில் முகம் பளபளத்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இப்போது அது அப்படித்தான் நடந்திருந்தது.

"நீயே சொல்லுட்டி. நான் மட்டும் இல்லன்னா இந்த சீட்டு கெடைச்சிருக்குமா?"

கடைக்காரரும் அவளைப் பார்த்தார்.

"கெடைச்சிருக்கும்ப்பா" என்றாள். "ஜூன் மாசமே."