ஏழாவது ஸாகோ

மூன்றாவது நாளாக அனந்தகிருஷ்ணன் அந்த ஸ்பானிஷ் கடிதத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கிறார். தலைக்கு மேல் பங்கா கிறீச்சிடுகிறது. ஹூக்ளி ஆற்றின் வெயில் மேஜைவரை வந்து மசிக்கூட்டில் மினுங்குகிறது. டிபன் டப்பாவில் தயிர்சாதம் புளித்துக்கொண்டிருக்கிறது. அர்ஜென்டினாவில் கம்பெனியின் சணல் சாக்கை வாங்கும் வியாபாரி எழுதிய கடிதம். ‘ஸாகோ’ என்றால் சாக்கு. ஆறு இடத்தில் ஒழுங்காகப் பொருந்துகிறது, ஏழாவது இடத்தில் முரண்டு பிடிக்கிறது. மதராஸிக்கு எந்தப் பாஷையும் வரும் என்று துரையிடம் சொன்னவன் வாயில் மண் விழ! அகராதியின் கடைசிப் பக்கங்களை எரிச்சலோடு புரட்டுகிறார். வினைச்சொல் பட்டியலில் அதே ஸாகோ உட்கார்ந்திருக்கிறது: ‘வெளியே எடுக்கிறேன்.’ பேனா பறக்கிறது. ‘சாக்கெல்லாம் மக்கிப்போய் வந்திருக்கிறது. வெளியே எடுத்துப் போடுகிறேன். இனி ஒன்றுகூட அனுப்பாதீர்கள்.’

“ஓய் பட்டாபி, அர்த்தம் அகப்பட்டுடுத்து! துரை எங்கே?”

பக்கத்து மேஜை பட்டாபிராமன் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. “ஏழு தரம் சாக்குன்னு எழுதியிருக்கான், இன்னும் நிறைய வேணும் போலிருக்குன்னு துரை முந்தாநாளே ‘அனுப்பறோம்’னு தந்தி அடிச்சாச்சுங்காணும். உம்ம காகிதம் ஃபைலுக்கு.”

ஜன்னலுக்குக் கீழே, படித்துறையில், கூலிகள் சாக்குக்கட்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.