விசையின் கனம்

கேளுங்கள் கண்ணுகளா, போல்ட்டை இழுத்துச் சுடும் அந்த முரட்டு வேட்டைத் துப்பாக்கியின் விசை கல்லாய்க் கனத்தது. சென்னியப்பன் கேட்டபடி துப்பாக்கி ஆசாரி மாசிலாமணி உள்ளிருந்த கொக்கியைத் தேய்த்து, சுருள்வில்லை மாற்றி, விசையை இளக்கினார். வேலை முடிந்ததும், “பன்னி சுட அந்தக் கனமே போதுமுங்களே?” என்றார்.

“அழுத்தி முடிக்கறதுக்குள்ள மனசு மாறிப்போகுது, ஆசாரி.”

“பன்னியப் பாத்தா மனசு மாறுமுங்களா?”

சென்னியப்பன் வாசலையே பார்த்தார். அவர் தம்பி நாச்சிமுத்து சிரித்தபடி உள்ளே வந்து, ஆசாரி கையிலிருந்த வெற்றுத் துப்பாக்கியின் விசையை ஒரு விரலால் தொட்டான். டக்கென்று விழுந்தது.

“அட, மூச்சு பட்டாலே விழுகுதே! கெளம்புங்கண்ணா. எப்பவும்போல நான் பொதரை வெட்டிக்கிட்டு முன்னால போறேன், நீங்க பின்னாலயே வாங்க.”

சென்னியப்பன் கை நீட்டினார். ஆசாரி துப்பாக்கியைக் கொடுத்தார், பிடியை விடவில்லை.