எல்லை நகர்ந்த நாள்

இரண்டு மாவட்டங்களுக்கும் ஆற்றின் நடுக்கோடே எல்லை என்றது சட்டம். ஆறு நகர்ந்தால் அந்த நிமிடமே எல்லையும் நகரும், செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும். ஐப்பசி வெள்ளத்தில் ஆறு ஊரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்தது. பொக்லைன் ஓட்டும் செங்கமலத்தின் வீடு நின்ற இடத்திலேயே மாவட்டம் மாறிவிட்டது.

கணவன் தெய்வீகனை வழக்கம்போல் டயாலிசிஸுக்கு அழைத்துப்போனாள். மாவட்ட அட்டையைக் காட்டியும் ஆஸ்பத்திரியின் தானியங்கிக் கதவு திறக்கவில்லை.

"நீங்க இப்போ அக்கரை மாவட்டம்மா. அங்கே பதிஞ்சா அடுத்த மாசம் கிடைக்கும்" என்றாள் நர்ஸ்.

"அதுவரைக்கும் இவரு உசுரோட இருப்பாரா?"

நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். அவனை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனவள், ஆற்றின் பழைய தடத்தை அடைத்திருந்த மணல்மேட்டைப் பொக்லைனால் வெட்டத் தொடங்கினாள்.

சர்வேயர் கரையிலிருந்து கத்தினார். "ஆத்தைத் திருப்புறது குத்தம்மா! நிறுத்து!"

"அதுவா திரும்பினா சட்டம், நான் திருப்பினா குத்தமா? தள்ளி நில்லுங்க சார்!"

மாலைக்குள் தண்ணீர் பழைய தடத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரிக் கதவு தானாகத் திறந்தது. தெய்வீகனுக்கு ஊசி குத்தி, ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கும்வரை செங்கமலம் பக்கத்திலேயே நின்றாள்.

வெளியே போலீஸ் ஜீப் காத்திருந்தது.

"உங்க ஊரு இப்போ எங்க எல்லைம்மா. அதான் கைது பண்ண வந்தோம்."

செங்கமலம் இரண்டு கைகளையும் நீட்டினாள். "இதுக்கு மட்டும் உடனே ஜெயில் கதவைத் திறந்துட்டு வந்துடுறீங்கடா!"