திரும்பி வந்த வரி

கிடங்கு அலுவலகத்தின் இரண்டு கம்ப்யூட்டர்களும் காலையிலிருந்து ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. மெக்கானிக், அவற்றை இணைக்கும் சீரியல் கேபிளின் ஒரு முனையைக் கழற்றி, அதன் இரண்டு ஊசிகளைக் கம்பித்துண்டால் இணைத்தார்.

"இப்ப நீங்க அடிக்கிறது அப்படியே உங்களுக்கே திரும்பி வரணும். வந்தா கேபிள் நல்லா இருக்குன்னு அர்த்தம். எதையாவது அடிங்கம்மா."

கணக்கு பார்க்கும் பெண் மனதில் இருந்ததையே அடித்தாள்: 'அண்ணன் வெளியூர் போயிருக்கான்.' வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனவன், ஒரு வாரமாகப் போனை எடுக்கவில்லை.

திரையில் வந்தது: 'அண்ணன் வீட்டுலதான் இருக்கான்.'

"நீங்க மாத்தி அடிச்சிருப்பீங்க," என்றார் மெக்கானிக். மறுபடி அடித்தாள். அதே வரிதான் வந்தது. அவர் வேறு கேபிளை மாட்டினார். அப்போதும் அதுவே வந்தது.

அவள் அம்மாவுக்குப் போன் செய்தாள். "அம்மா, அண்ணன் ரூமைக் கொஞ்சம் பாரேன்."

"அவன் கிளம்பிப் போனதும் எல்லாத்தையும் அணைச்சுட்டு நான்தானேடி வெளியில பூட்டினேன்? சாவிகூட என்கிட்டதான் இருக்கு." நடந்துகொண்டே பேசிய அம்மா சட்டென்று நின்றாள். குரல் தாழ்ந்தது.

"உள்ள ஃபேன் ஓடுதுடி."